நூற்றுக்கு நூறும் போதாத கதை

ஜூன் மாதம் வந்துவிட்டால் டெல்லியில் எங்கள் வங்கிக் கிளையில் பேச்சே மாறிவிடும். கல்விக் கடன் கேட்டு வருகிற அப்பாக்கள் வட்டி விகிதத்தை விசாரிப்பதற்கு முன்னால், "சார், இந்த ஸ்கோருக்கு டெல்லி யூனிவர்சிடியில் என்ன கிடைக்கும்?" என்று கேட்பார்கள். நானும் பி.காம் ஆசாமி என்பதால் கொஞ்சம் அக்கறையோடு விசாரித்து வைத்திருக்கிறேன். இந்த அட்மிஷன் முறை எப்படி இந்த இடத்துக்கு வந்தது என்பதே சுவாரஸ்யமான சரித்திரம். அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்தருள்க.

டெல்லி பல்கலைக்கழகம் 1922ல் தொடங்கியபோது அதில் மூன்றே கல்லூரிகள். செயின்ட் ஸ்டீபன்ஸ் (1881), இந்து கல்லூரி (1899), ராம்ஜஸ் (1917). நம் வணிகவியல் ஆட்கள் வாயைப் பிளந்து பார்க்கும் ஸ்ரீராம் காமர்ஸ் கல்லூரி, அதாவது எஸ்.ஆர்.சி.சி, 1926ல் வந்தது. நாடு முழுவதிலிருந்தும் பிள்ளைகள் வர ஆரம்பித்ததும், யாரைச் சேர்ப்பது என்ற கேள்வி வந்தது. அதற்குக் கண்டுபிடித்த விடைதான் கட்-ஆஃப்.

முறை இதுதான். பிளஸ் டூவில் எடுத்த நாலு பாடங்களின் சராசரியைப் போட வேண்டும். அதில் ஒன்று மொழிப்பாடம். கல்லூரி ஒரு சதவீதத்தை அறிவிக்கும். அதற்கு மேல் இருந்தால் இடம் உண்டு, இல்லாவிட்டால் அடுத்த பட்டியல் வரை காத்திருக்க வேண்டும். நேர்முகத் தேர்வு, சிபாரிசு எதுவும் கிடையாது. (செயின்ட் ஸ்டீபன்ஸ் மட்டும் விதிவிலக்கு. நேர்முகம் உட்பட தன் சொந்த முறையை வைத்துக்கொள்ள உச்ச நீதிமன்றம் 1991ல் அனுமதி கொடுத்தது.) பணமோ செல்வாக்கோ நுழைய முடியாத ஏற்பாடு என்ற வகையில் இதை மெச்சத்தான் வேண்டும்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. பங்கு வெளியீட்டில் அதிகம் பேர் விண்ணப்பித்தால் குலுக்கல் போட்டுச் சிலருக்கு மட்டும் ஒதுக்கலாம். இங்கே அந்த வசதி இல்லை. அறிவித்த கட்-ஆஃபைத் தொட்ட எல்லோரையும் கல்லூரி சேர்த்தே ஆக வேண்டும். ஐம்பது இடத்துக்கு இருநூறு பேர் வந்து நின்றாலும் "இல்லை" என்று சொல்ல முடியாது. அதனால் கல்லூரி முதல்வர்கள் பயந்து பயந்து விலையை ஏற்றி வைப்பார்கள்.

2011ல் அந்தப் பயம் உச்சத்துக்குப் போனது. அந்த வருஷம் முன்கூட்டியே விண்ணப்பம் வாங்குவதைப் பல்கலைக்கழகம் நிறுத்திவிட்டது. மாணவர்கள் பட்டியலைப் பார்த்து நேராகக் கல்லூரிக்கு வந்தால் போதும் என்றார்கள். பிள்ளைகளின் அலைச்சல் குறையட்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் எத்தனை பேர் வருவார்கள் என்ற கணக்கே கல்லூரியின் கையில் இல்லாமல் போயிற்று. எஸ்.ஆர்.சி.சி என்ன செய்தது தெரியுமா? பி.காம் ஹானர்ஸுக்கு, பள்ளியில் காமர்ஸ் படித்தவர்களுக்கு 96 சதவீதம், படிக்காதவர்களுக்கு 100 சதவீதம் என்று அறிவித்தது. நாடே அலறியது. அப்போதைய மனிதவள அமைச்சர் கபில் சிபல் பகிரங்கமாகவே கண்டித்தார். கண்டனத்தால் கட்-ஆஃப் இறங்கிவிடுமா என்ன? 2015ல் இந்திரப்பிரஸ்தா பெண்கள் கல்லூரி கம்ப்யூட்டர் சயன்ஸுக்கு மறுபடி 100 போட்டது.

இந்த இடத்தில் நம்ம ஊர் உள்ளே வருகிறது.

அப்போது தமிழ்நாட்டு பிளஸ் டூவில் மொத்தம் 1200 மதிப்பெண். கணக்குப்பதிவியல், வணிகவியல் போன்ற பாடங்களில் 200க்கு 200 வாங்குவது அபூர்வமில்லை. ஒரு மாணவி ஆங்கிலத்தில் 190, மற்ற மூன்றில் தலா 200 எடுத்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 800க்கு 790. சதவீதம் 98.75. டெல்லியில் சி.பி.எஸ்.இ படித்த பையன் தலைகீழாக நின்றாலும் அதைத் தொடுவது கஷ்டம். 2016ல் எஸ்.ஆர்.சி.சி பி.காம் முதல் பட்டியலில் சேர்ந்தவர்களில் பெரும்பங்கு தமிழ்நாட்டுப் பிள்ளைகள். டெல்லிப் பத்திரிகைகள் ஆச்சரியப்பட்டு எழுதின. உள்ளூர்ப் பெற்றோர் முணுமுணுத்தார்கள்.

முணுமுணுப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைக்கும் பள்ளிகள் நம்மிடம் இருந்தன. அதேசமயம், டெல்லி வரை ரயிலேறி வந்த அந்தப் பிள்ளைகளுக்கு அது ஒரு பெரிய கதவு. கோச்சிங் கிடையாது, இங்கிலீஷில் சரளம் கிடையாது, மார்க் ஷீட் மட்டும்தான் கையில். அந்த ஒரு காகிதத்தை நம்பி உள்ளே விட்ட முறை அது.

மற்ற போர்டுகளும் சும்மா இருக்கவில்லை. 'மாடரேஷன்' என்ற பெயரில் மதிப்பெண்களை ஏற்றிப் போடும் வழக்கத்தை நிறுத்தலாம் என்று 2017ல் சி.பி.எஸ்.இயும் மாநில போர்டுகளும் பேசின. தேர்வு எழுதி முடித்த பிறகு நடுவில் விதியை மாற்றக்கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் தடுத்துவிட்டது. நியாயமான தீர்ப்புதான். ஆனால் வீக்கம் தொடர்ந்தது. பணவீக்கம் மாதிரியேதான் இதுவும். எல்லோர் கையிலும் நோட்டு பெருத்தால் எந்த நோட்டுக்கும் மதிப்பிருக்காது.

2021ல் வெடித்தது. கொரோனாவால் சி.பி.எஸ்.இ பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு ரத்தாகி, பழைய மதிப்பெண்களை வைத்து 30:30:40 என்று கணக்குப் போட்டார்கள். 95 சதவீதத்துக்கு மேல் எடுத்தவர்கள் மட்டும் சுமார் 70 ஆயிரம் பேர். இந்து கல்லூரி அரசியல் அறிவியலுக்கு 100 என்று போட்டது. பொதுப் பிரிவில் 20 இடம்தான். கேரள போர்டில் முழு மதிப்பெண் எடுத்த பிள்ளைகள் நூறு பேருக்கு மேல் வந்து நின்றார்கள்! ஒரு பேராசிரியர் இதை "மார்க் ஜிஹாத்" என்று முகநூலில் எழுதி வைக்க, பெரிய ரகளை ஆனது. பதினேழு வயதுப் பிள்ளைகள் நன்றாக மார்க் வாங்கியதைத் தவிர என்ன குற்றம் செய்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மறு வருஷம் ஆட்டமே மாறியது. 2022 மார்ச்சில், மத்தியப் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றுக்கும் சி.யு.இ.டி என்ற பொது நுழைவுத் தேர்வு என்று அறிவித்தார்கள். பிளஸ் டூ மதிப்பெண் இனி தகுதிக்கு மட்டும். சமநிலை வந்தால் பிரித்துப் பார்க்க உதவும், அவ்வளவே. பழைய நோட்டு செல்லாது என்று 2016ல் அறிவித்தபோது கவுண்டரில் உட்கார்ந்திருந்தவன் நான். அந்த மார்ச் மாதம் பிளஸ் டூ பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தபோது அந்த நாட்கள்தான் ஞாபகம் வந்தன. தமிழ்நாடு சட்டமன்றம் ஏப்ரலிலேயே எதிர்த்துத் தீர்மானம் போட்டது. என்.சி.இ.ஆர்.டி பாடத்திட்டத்தில் கேள்வி கேட்டால் மாநில போர்டு பிள்ளை என்ன செய்யும் என்பது வாதம்.

முதல் தேர்வு ஜூலை, ஆகஸ்ட் என்று இழுத்து, தொழில்நுட்பக் கோளாறில் பல மையங்களில் ரத்தாகி, ரிசல்ட் செப்டம்பரில் வந்தது. டெல்லியில் முதலாண்டு வகுப்பு நவம்பரில்தான் ஆரம்பம். முந்தைய வருஷம் ஆயிரத்தைத் தாண்டியிருந்த கேரள போர்டு மாணவர் எண்ணிக்கை அந்த வருஷம் சில நூறுகளுக்கு இறங்கிவிட்டது. வாதம் வெறும் அரசியல் இல்லை என்று அப்போது தெரிந்தது.

நுழைவுத் தேர்வு மோசம், பழைய முறை பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அரை மதிப்பெண்ணில் வாழ்க்கை போனதாக அழுத பிள்ளைகளை அந்தக் காலத்திலும் பார்த்திருக்கிறேன். தேர்வு தமிழ் உட்பட 13 மொழிகளில் நடக்கிறது. முன்பு 90 வாங்கி வாசலிலேயே திரும்பியவனுக்கு இப்போது இன்னொரு வாய்ப்பு உண்டு. ஆனால் அந்த வாய்ப்புக்கு இப்போது கோச்சிங் கட்டணம் தனியாக ஆகிறது. அதற்கு எங்கள் வங்கியில் கல்விக் கடன் கிடையாது.

ஊரிலிருந்து பிள்ளையை இங்கே அனுப்ப நினைக்கும் பெற்றோருக்கு இரண்டு வார்த்தை. பிளஸ் ஒன்னிலேயே என்.சி.இ.ஆர்.டி புத்தகங்களை வாங்கிப் படிக்கச் சொல்லுங்கள். விலை குறைவு, இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கும். கவுன்சலிங்கில் விருப்ப வரிசை போடும்போது கஞ்சத்தனம் வேண்டாம், நாலைந்து பெயரோடு நிறுத்தாமல் நிறையப் போடுங்கள். அப்புறம், நம்ம ஊர்க் கல்லூரி ஒன்றிலும் விண்ணப்பம் போட்டு வையுங்கள். அங்கே பி.காம் படித்தவர்களும் பிழைத்துக் கிடக்கிறோம். :-)