ஸ்வரமில்லாத இசைத்தாள்: கார்டியூவின் ஏழாவது பத்தி

எட்டாம் வகுப்பு ஆண்டு விழாவுக்கு முன்னாடி நடந்த ஒத்திகையில் பாட்டு டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ வாயை மட்டும் அசைச்சாப் போதும்டா" என்றார். அப்படியே செய்தேன். அதற்கப்புறம் குளிக்கும்போதுகூடப் பாடியதில்லை. முப்பது வருஷம் கழித்து, வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தபோது ஒரே ஒரு பக்கம் கண்ணில் பட்டது. அதில் ஐந்து கோடுகள் இல்லை, ஸ்வரக்குறி இல்லை. வெறும் ஆங்கில வாக்கியங்கள். ஆனால் அது ஒரு இசைத்தாள். 1969-ல் லண்டனில் கார்னீலியஸ் கார்டியூ எழுதியது. பாடத் தெரியாதவர்களும் சேர்ந்து பாடவேண்டும் என்று நினைத்தே எழுதியது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். 'எழுத்தாலான இசைத்தாள்' என்றால் பாட்டின் வரிகள் அல்ல. நாம் நோட்டுப் புத்தகத்தில் 'ச ரி க ம' என்று எழுதுகிறோமே, அதுவும் அல்ல. அங்கே எழுத்து என்பது ஒரு ஒலியின் பெயர். இங்கே வாக்கியம் என்பது செய்யவேண்டிய வேலையின் விவரம். மென்பொருள்காரர்கள் பாஷையில் சொன்னால், ஸ்பெக்.

இந்தப் பழக்கம் சூடு பிடித்தது 1950களின் கடைசியில், நியூயார்க்கில். அதற்கு ஒரு முன்கதை உண்டு. ஜான் கேஜின் 4'33" எல்லோருக்கும் தெரிந்த துண்டு: 1952 ஆகஸ்ட் 29, வுட்ஸ்டாக்கில், டேவிட் டியூடர் பியானோ முன் உட்கார்ந்து ஒரு ஸ்வரமும் வாசிக்காமல் எழுந்தார். பலர் கவனிக்காத விஷயம், அந்தத் துண்டுக்கு எழுத்துவடிவம் மூன்று தடவை மாறியது. முதலில் வழக்கமான ஐந்து கோட்டுத் தாள், காலியாக. அடுத்தது, காலத்தை நீளமாகக் காட்டும் கோடுகள். 1960-ல் பீட்டர்ஸ் பதிப்பகம் வெளியிட்டபோது கோடெல்லாம் போய்விட்டது. மூன்று பகுதிகளுக்கு எண், ஒவ்வொன்றின் கீழும் 'டாசெட்' என்ற சொல். ஆர்க்கெஸ்ட்ராக்காரர்களிடம் 'இந்தப் பகுதியில் நீ சும்மா இரு' என்று சொல்ல உதவும் பழைய சொல்தான்.

அதே கேஜ் நியூ ஸ்கூலில் நடத்திய வகுப்பில் 1958-59-ல் உட்கார்ந்தவர் ஜார்ஜ் பிரெக்ட். பகலில் ஜான்சன் அண்ட் ஜான்சனில் கெமிஸ்ட் வேலை. (வேலை பார்த்துக்கொண்டே வேறொன்றில் மூழ்குபவர்கள்மேல் எனக்கு ஒரு பாசம் உண்டு, காரணம் சொல்ல வேண்டியதில்லை.) காலிப் பாத்திரத்தில் தண்ணீர் சொட்டவேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஒரு துண்டு. இப்படிச் சின்னச் சின்ன அட்டைகளாக அவர் எழுதியதை 1963-ல் ஜார்ஜ் மசியூனாஸ் ஒரு பெட்டியில் போட்டு 'வாட்டர் யாம்' என்று வெளியிட்டார்.

லா மான்ட் யங் 1960-ல் எழுதிய வரிசையில் பத்தாவது துண்டு ஒரே வாக்கியம்: ஒரு நேர்கோடு போட்டு அதைத் தொடரச் சொல்கிறது. 1961-ல் அதே வாக்கியத்தையே 29 துண்டுகளாக, 29 தேதி போட்டு வெளியிட்டார்! 1962-ல் ஜெர்மனியின் வீஸ்பாடனில் நாம் ஜூன் பைக் அதைச் செய்துகாட்டியவிதம் தனி: தலையை மையும் தக்காளிச் சாறும் கலந்த பாத்திரத்தில் முக்கி, தரையில் விரித்த காகிதத்தின்மேல் தலையாலேயே கோடு இழுத்துக்கொண்டு போனார். இன்று பலருக்கு நினைவில் நிற்பது பைக்கின் தலைதான், யங்கின் வாக்கியம் அல்ல. ஸ்பெக் எழுதியவருக்குப் பெயரா, இம்ப்ளிமென்ட் பண்ணியவருக்கா? எங்கள் தொழிலிலும் இந்தச் சண்டை ஓய்ந்தபாடில்லை.

இவற்றைப் பற்றி எழுதுபவர்கள் பலரும் 'யார் வேண்டுமானாலும் செய்யலாம்' என்று புகழ்வார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. காகிதத்தில் கதவு திறந்திருந்தது, சரி. ஆனால் மேடையேறியவர்கள் பெரும்பாலும் டியூடர், பைக் மாதிரி ஊறித் திளைத்தவர்கள். நாமாக இருந்தால் கூட்டம் சிரித்திருக்கும்.

கார்டியூ இங்கேதான் வேறு மாதிரி. 1936-ல் பிறந்தவர். சின்ன வயதில் கேன்டர்பரி தேவாலயத்தில் பாடகர் குழுச் சிறுவன். பிறகு ராயல் அகாடமி, பிறகு ஸ்டாக்ஹவுசனிடம் உதவியாளர். அவ்வளவு படித்துவிட்டு, 1969-ல் மைக்கேல் பார்சன்ஸ், ஹோவர்ட் ஸ்கெம்ப்டனோடு சேர்ந்து 'ஸ்க்ராட்ச் ஆர்க்கெஸ்ட்ரா' ஆரம்பித்தார். தேர்ந்த வாத்தியக்காரர்களும் இருந்தார்கள், ஓவிய மாணவர்களும் ஆபீஸ் போகிறவர்களும் இருந்தார்கள். கன்ஃபூசிய நூல் ஒன்றின் எஸ்ரா பவுண்ட் மொழிபெயர்ப்பை வைத்து அவர் அமைத்த 'தி கிரேட் லேர்னிங்' ஏழு பத்திகள் கொண்டது. ஏழாவதுதான் நான் சொன்ன ஒரு பக்கம்.

விதிகளை என் வார்த்தையில் சொல்கிறேன். மொத்தம் 24 வரிகள். ஒவ்வொரு வரிக்கும் எத்தனை முறை பாடவேண்டும், அதில் எத்தனை முறை சத்தமாக என்று எண் இருக்கிறது. ஒரு முறைக்கு ஒரு மூச்சு. முதல் வரிக்கு உனக்குப் பிடித்த ஸ்வரம். எல்லாரும் சேர்ந்து தொடங்குவார்கள், அப்புறம் அவரவர் வேகம். அடுத்த வரிக்குப் போகும்போது, பக்கத்தில் வேறு யாரோ பாடிக்கொண்டிருக்கும் ஸ்வரத்தை எடுத்துக்கொள். சரியாகக் கேட்கவில்லையா, நடந்து போய்க் கேள். அடுத்தடுத்த இரண்டு வரிகளை ஒரே ஸ்வரத்தில் பாடாதே. எடுக்க எதுவுமே இல்லை, அல்லது இப்போது பாடிய அதே ஸ்வரம்தான் கேட்கிறது, அல்லது உன் குரலுக்கு எட்டாததுதான் கேட்கிறது என்றால் உன் இஷ்டம்.

இதை முதலில் படித்தபோது சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து பைத்தானில் எழுதிப் பார்த்தேன். இருபது பாடகர்கள், இருபது ஸ்வரங்கள். காதில் விழுவதைத்தான் எடுக்கவேண்டும் என்பதால் ஸ்வரங்கள் சாகும், புதிதாகப் பிறக்காது. கூட்டம் மெல்ல மெல்ல நாலைந்து ஸ்வரத்துக்கு ஒடுங்குகிறது. ஒரே ஸ்வரத்தில் போய் முட்டினால்? அப்போது 'உன் இஷ்டம்' விதி வேலை செய்து புது ஸ்வரங்களைக் கொட்டும். அதாவது டெட்லாக்கை முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறார் மனுஷன். பிரெக்டின் அட்டைகளில் இந்தக் கணக்கு கிடையாது.

ஆனால் என் நிரலில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அதை எனக்குப் புரியவைத்தவர் பிரையன் ஈனோ. டாய்ச் கிராமஃபோன் நிறுவனத்தின் 1971 ஒலிப்பதிவில் இந்த ஏழாவது பத்தியைப் பாடியவர்களில் அவரும் ஒருவர். 1976-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். அவர் சொல்வதன் சாரம்: பாடத் தெரியாதவர் கேட்ட ஸ்வரத்தைச் சரியாகப் பிடிக்கமாட்டார், கொஞ்சம் தள்ளிப் பிடிப்பார். அந்தப் பிழைதான் புது ஸ்வரம். அறைக்கென்று ஒரு அதிர்வு இருக்கிறது, அது சில ஸ்வரங்களைத் தூக்கிக் கொடுக்கும், சிலவற்றை விழுங்கிவிடும். ஆக, இந்தத் துண்டுக்குப் பிழை செய்கிறவர் தேவை! என் நிரலில் எல்லாரும் பாலமுரளிகிருஷ்ணாவாக இருந்தார்கள். என்னைப் போன்ற ஒருத்தன் இல்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 1971-லேயே குழுவுக்குள் அதிருப்திக் கூட்டங்கள் ஆரம்பமாகிவிட்டன. நாம் யாருக்காக வாசிக்கிறோம், தொழிலாளிக்கு இதனால் என்ன என்ற கேள்விகள். கார்டியூ மாவோயிசத்தின் பக்கம் போனார். 1974-ல் ஸ்டாக்ஹவுசன் ஏகாதிபத்தியத்துக்கு ஊழியம் செய்கிறார் என்ற அர்த்தத்தில் தலைப்பு வைத்து ஒரு புத்தகம் போட்டார். அதில் கேஜையும் ஸ்டாக்ஹவுசனையும் மட்டுமல்ல, 'தி கிரேட் லேர்னிங்'கையும் சேர்த்தே நிராகரித்தார். கடைசிக் காலத்தில் எழுதியவை சாதாரண ஐந்து கோட்டுத் தாளில், போராட்டப் பாடல்களும் பியானோத் துண்டுகளும். 1981 டிசம்பர் 13, கிழக்கு லண்டனில் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கார் அவரை மோதிவிட்டு நிற்காமல் போய்விட்டது. வயது 45.

அவர் கேட்ட கேள்வி நியாயமானதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் பதிலைத் தப்பான இடத்தில் தேடினார் என்பது என் கட்சி. உழைப்பாளிகள் பாடவேண்டும் என்று ஆசைப்பட்டவர், தாள் படிக்கத் தெரியாதவரும் பாடக்கூடிய துண்டைக் கீழே போட்டுவிட்டு, படிக்கத் தெரிந்தவர் மட்டும் வாசிக்கக்கூடிய தாளுக்குத் திரும்பினார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் அபார்ட்மென்ட் ஹாலில் ஒன்பது பேர் சேர்ந்து முயன்றோம். வரிகள் எதுவும் இல்லாமல் வெறும் 'ஆ', எட்டே எட்டு சுற்று. மேல்மாடி மாமா எட்டிப் பார்த்து, "என்ன, பஜனையா?" என்று கேட்டுவிட்டு அவரும் வந்து நின்றுகொண்டார். நான் வாயை மட்டும் அசைக்கவில்லை. மூன்றாவது சுற்றில் மனைவியின் ஸ்வரத்தைப் பிடிக்கப் போய், எங்கேயோ நடுவில் நின்றேன். இரண்டு நிமிடத்தில் பக்கத்து வீட்டுப் பையன் என் ஸ்வரத்தை எடுத்துக்கொண்டான். அவனிடமிருந்து அவன் பாட்டி.

நடுவில் கரன்ட் போய் ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்தது. முடியும்போது பாதிப் பேர் ஜெனரேட்டரின் ஸ்வரத்தில் இருந்தார்கள். சக பாடகரின் ஸ்வரத்தைத்தானே எடுக்கச் சொல்கிறது விதி, ஜெனரேட்டர் கணக்கில் வருமா என்று மாமா கேட்டார். அந்தப் பக்கத்தை மறுபடி முழுசாகப் படித்துப் பார்த்தேன். அதற்கு விதி இல்லை.