கடைக்காலும் களிமண்ணும்

தமிழ்நாட்டுக் கொத்தனார் வேலையைத் தொடங்குவது கடைக்கால் தோண்டி. பேச்சில் அது கடக்கால். கடை என்றால் கீழ்முனை; கால் என்றால் தாங்கி நிற்பது. அதன் இன்னொரு பெயரான அஸ்திவாரத்தை எலும்பு என்னும் பொருள்தரும் வடசொல்லோடு பாரத்தைச் சேர்த்து விளக்குவார்கள். யாழ்ப்பாணத்தில் அதுவே அத்திவாரம். காலும் எலும்பும் கட்டடத்தின் உறுப்புகள். அடியிலிருக்கும் மண்ணைப் பற்றி இரண்டு சொல்லிலும் பேச்சில்லை.

மண்ணைப் பேச வைத்தது பின்னால் வந்த ‘தாங்குதிறன்’, அதாவது பிதுங்காமல் மண் ஏற்கும் சுமை. மண் பொறியியல் அறிஞர் கார்ல் தெர்சாகி 1943இல் அதற்கொரு சூத்திரம் தந்தார். அது ஆழமற்ற அடித்தளத்துக்கானது; அகலத்தை மிஞ்சாத ஆழமுள்ளதே அவர் கணக்கில் ஆழமற்றது.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், யோங் பெங்கிலிருந்து பத்து பகாட், பாரிட் ராஜா பக்கம் இறங்கினால் தாங்குதிறன் என்ற சொல்லின் அருமை தெரியும். அங்கே கடல் விட்டுச்சென்ற களிமண், விரல் வைத்தால் பதியும். அத்தகைய களியின் வலிமை 10 கிலோபாஸ்கல் என்று வையுங்கள். ஏறக்குறைய அதன் ஐந்து மடங்குச் சுமையில் மண் பிதுங்கிவிடும். பாதுகாப்புக்காக அதில் மூன்றிலொரு பங்கையே ஏற்றலாம்: சதுர மீட்டருக்கு 1.7 டன். மூன்று மீட்டர் உயர ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், ஒரு மீட்டர் நீளத்துக்கே 1.3 டன் இருக்கும். கூரை இன்னும் ஏறவில்லை!

அதே மாநிலத்தின் மூவார் சமவெளியில் நெடுஞ்சாலைக்காரர்கள் களியின் தாங்குதிறனை நேரடியாகவே சோதித்தார்கள். சரியும்வரை மண்ணைக் கொட்டி ஒரு கரையை உயர்த்தினார்கள், 5.4 மீட்டரில் சரிந்தது. 1989இல் கோலாலம்பூர்க் கருத்தரங்கில் வல்லுநர்கள் அதை அலசினார்கள்.

வீடு கட்டுகிறவர்களுக்கு இங்கே இன்னொரு சொல் உண்டு: பக்காவ். சதுப்புநில மரத்துக்கான மலாய்ப் பெயர். களியில் அடித்திறக்கும் கட்டைக்கும் அதுவே பெயராகிவிட்டது. நிலத்தடி நீருக்குள் முழுகியிருக்கும்வரை காற்றுப் படாமல் கட்டை நெடுநாள் உழைக்கும். நீர்மட்டம் இறங்கினால் தலைப்பகுதி உளுக்கும். வடிகால் வெட்டும் முன் இதை யாராவது யோசிக்க வேண்டும்.

எனக்கு மிகவும் உறுத்துவது தொடர்வீடுகளின் பின்கட்டுச் சமையலறைதான். முன்வீடு ஆழமான தூண்களில் அசையாமல் நிற்கும்; பிறகு ஒட்டிக் கட்டியது மேலோட்டமான கடைக்காலில் மெல்ல இறங்கும். சேரும் இடத்தில் மேலே அகன்று கீழே குறுகிய வெடிப்பு. சிமெண்ட் பூசினால் மறுபடி திறக்கும். மண் இன்னும் அமிழ்ந்துகொண்டிருக்கிறதே! இரண்டு சுவர்களையும் பிணைக்காமல் இடைவெளி விட்டு எழுப்பி, அதை நெகிழும் பொருளால் அடைத்தால், பின்கட்டு இறங்கினாலும் முன்வீட்டுச் சுவரை இழுக்காது.