ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும்: வீட்டில் பூட்டிய கணினிக்கு ஒரு வழிகாட்டி

செம்பரம்பாக்கத்திலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே போனால் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், அதைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூரில் டெல், சாம்சங், ஃபாக்ஸ்கான் என்று தொழிற்சாலைகள் வரிசையாக வரும். டெல் நிறுவனம் 2007 முதல் அங்கே கணினி தயாரிக்கிறது. ஆனால் அந்தச் சாலையில் தினமும் வேலைக்குப் போய் வரும் பல குடும்பங்களின் வீட்டில் இருக்கும் மேசைக் கணினி அங்கே செய்ததல்ல. ரிச்சி தெருவில் மதர்போர்டு, பிராசஸர், ராம் என்று தனித்தனியாக வாங்கி, விவரம் தெரிந்த ஒருவர் பூட்டிக் கொடுத்தது. வீட்டுக்கு ஒன்றுதான் இருக்கும். மகனின் பாடமும், மகளின் ஆன்லைன் வகுப்பும், கடைக்கணக்கும், வளைகுடாவில் இருக்கும் தந்தையின் விசா நகல்களும், கல்யாணப் புகைப்படங்களும் அந்த ஒன்றில்தான்.

இந்தக் கணினியில் விண்டோஸோடு லினக்ஸையும் போட்டுக்கொள்ள வேண்டும் என்ற தேவை இப்போது பல வீடுகளில் வந்திருக்கிறது. டிப்ளமோ படிக்கும் பிள்ளைக்கு ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் வேண்டும். ஆலைகளில் இயந்திரங்களை இயக்கும் பிஎல்சி கருவிகளுக்கான சீமென்ஸ் மென்பொருளும், கடைக்கணக்குக்கான டாலியும் வேண்டும். இவை எதுவும் லினக்ஸில் நேரடியாக ஓடாது. அதே பிள்ளை அடுத்த ஆண்டு சர்வர், பைத்தான், ரோபோடிக்ஸ் என்று போனால் லினக்ஸ் வேண்டும். ரோபோக்களுக்கான 'ராஸ்' தொகுப்பு முதன்மையாக உபுண்டுவுக்காகவே வெளியிடப்படுகிறது. இரண்டில் ஒன்றை விட முடியாது என்பதால் இரண்டையும் வைத்துக்கொண்டு, கணினியை இயக்கும்போது எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுப்பதைத்தான் 'டூயல் பூட்' என்கிறோம்.

இது நமக்குப் புதிதும் அல்ல. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எல்காட் கொடுத்த கணினிகள் நினைவிருக்கலாம். இயக்கியதும் விண்டோஸா, 'பாஸ்' லினக்ஸா என்று ஒரு பட்டியல் வரும். பாஸ் என்பது சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது. வீட்டில் யாரும் அந்த இரண்டாவது வரியைத் தொட்டிருக்க மாட்டார்கள், அது வேறு கதை. அந்தப் பட்டியலைத்தான் இப்போது நாமே நம் கணினியில் உண்டாக்கப் போகிறோம்.

தேவை இன்னொரு பக்கத்திலிருந்தும் வருகிறது. விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தன. கூடுதல் புதுப்பிப்புக்குப் பதிவு செய்துகொண்டவர்களுக்கும் 2026 அக்டோபர் 13 வரைதான். விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 வேண்டும், பிராசஸர் இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையோ, ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையோ, அதற்கு மேலோ இருக்க வேண்டும். அதற்கு முந்தைய கணினி நன்றாக ஓடினாலும் முறைப்படி மேலேற முடியாது. இப்படிப்பட்ட கணினிக்கு எங்கள் யோசனை இதுதான்: பழைய விண்டோஸை வரைபடத்துக்கும் கணக்குக்கும் மட்டும் வைத்து இணையத்தைத் துண்டித்து விடுங்கள். வங்கி, மின்னஞ்சல், பிள்ளைகளின் இணையப் பயன்பாடு எல்லாம் லினக்ஸில் நடக்கட்டும்.

திருட்டுத்தனமாக 'ஆக்டிவேட்' செய்த விண்டோஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிறர் உழைப்பில் உருவானதை விலை கொடுக்காமல் எடுத்துக்கொள்வது கூடுமா என்ற கேள்வி நம் வீடுகளில் எழ வேண்டிய ஒன்று. அதைத் தள்ளி வைத்தாலும், அந்த 'ஆக்டிவேட்டர்'களோடு கூடவே வைரஸ் வருவது வாடிக்கை. விண்டோஸுக்குச் செலவழிக்க இயலாத இரண்டாவது கணினிக்கு லினக்ஸ் மட்டுமே போதும்.

கட்டளைகளை மட்டும் பழகிப் பார்க்க வேண்டும் என்றால் டூயல் பூட் தேவையே இல்லை. விண்டோஸுக்குள்ளேயே ஓடும் லினக்ஸ் துணைத்தளம் இருக்கிறது, அதுவே போதும். மெய்நிகர் கணினியும் ஒரு வழி, ஆனால் 8 ஜிபி ராமில் அது மூச்சு வாங்கும்.

முதல் வேலை நகல்

லினக்ஸ் நிறுவுவது அரை மணி நேர வேலை. ஆபத்து நிறுவுவதில் இல்லை, எந்த வட்டில் எந்தப் பகுதியை அழிக்கிறோம் என்று தெரியாமல் 'நெக்ஸ்ட்' அழுத்துவதில் இருக்கிறது. எனவே முதலில் புகைப்படம், சான்றிதழ், கணக்கு எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நகலெடுங்கள். நகலெடுத்ததோடு நிறுத்தாமல் வேறொரு கணினியில் செருகிச் சில கோப்புகளைத் திறந்து பாருங்கள். அந்த வட்டை வேறு வீட்டில், உறவினரிடம் வைப்பது நல்லது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்டு அடையாற்றுக் கரையெங்கும் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

அடுத்து, விண்டோஸில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' பக்கத்தைத் திறந்து 'பயாஸ் மோடு' என்ற வரியைப் பாருங்கள். யூஇஎஃப்ஐ என்று இருந்தால் நல்லது. 'லெகசி' என்று இருந்தால் வட்டு பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருக்கும். அதில் நான்கு முதன்மைப் பகுதிகள்தான் போட முடியும், 2 டிபிக்கு மேல் எட்டாது. விண்டோஸ் எந்த முறையில் இருக்கிறதோ அதே முறையில்தான் லினக்ஸையும் நிறுவ வேண்டும். ஒன்று இந்த முறை, மற்றொன்று அந்த முறை என்று கலந்தால் தேர்வுப் பட்டியல் ஒழுங்காக வராது.

விண்டோஸில் 'பிட்லாக்கர்' அல்லது 'டிவைஸ் என்கிரிப்ஷன்' ஓடுகிறதா என்றும் பாருங்கள். 2024க்குப் பிந்தைய விண்டோஸ் 11ஐப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பல கணினிகளில் இது கேட்காமலே இயங்கிவிடுகிறது. பூட் அமைப்பில் கை வைத்ததும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். சாவி அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். முன்கூட்டியே எடுத்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள், அந்தக் கணினிக்குள்ளேயே சேமித்து வைப்பதில் பயன் இல்லை. கணக்கைத் தொடங்கியது கணினி பூட்டிக் கொடுத்தவரின் மின்னஞ்சலில் என்றால், இப்போதே அதைச் சரி செய்யுங்கள்.

'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியையும் அணைக்க வேண்டும். அது ஓடும்போது 'ஷட் டவுன்' கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடாமல் பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸிலிருந்து அதே வட்டில் எழுதினால் கோப்புகள் கெடும் என்பதால், லினக்ஸ் அதைப் படிக்க மட்டுமே அனுமதிக்கும் அல்லது திறக்கவே மறுக்கும். கன்ட்ரோல் பேனலில் 'பவர் ஆப்ஷன்ஸ்' பகுதிக்குப் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தில் இதன் டிக்கை எடுத்துவிடலாம்.

இரண்டு வட்டுகள், இரண்டு வீடுகள்

வீட்டில் பூட்டிய கணினிக்கு ஒரு பெரிய வசதி உண்டு. மடிக்கணினி போல ஒரே வட்டோடு முடங்கிக் கிடக்க வேண்டியதில்லை. பெட்டிக்குள் இரண்டாவது வட்டுக்கு இடம் இருக்கும். 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கி லினக்ஸை அதில் தனியாகப் போடுங்கள் என்பதே எங்கள் உறுதியான கருத்து. உபுண்டு 25 ஜிபி கேட்கிறது. லினக்ஸ் மின்ட் 20 ஜிபியிலும் நிறுவப்படும், ஆனால் 100 ஜிபி இருந்தால் நல்லது என்கிறது. எனவே 240 தாராளம்.

வாங்கும் முன் மதர்போர்டு கையேட்டை ஒரு முறை புரட்டுங்கள். பல போர்டுகளில் எம்.2 துளையில் எஸ்எஸ்டி செருகினால் சாட்டா போர்ட்டுகளில் ஒன்றிரண்டு தானாக அணைந்துவிடும். புது வட்டைச் செருகியதும் பழைய வட்டு காணாமல் போய்விட்டதே என்று பதறுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

நிறுவும் முறை எளிது. 8 ஜிபி அல்லது அதற்கு மேலான பென்டிரைவ் ஒன்றில் 'ரூஃபஸ்' கருவி கொண்டு லினக்ஸை ஏற்றுங்கள். மின் இணைப்பை முழுவதும் எடுத்துவிட்டு, விண்டோஸ் இருக்கும் வட்டின் கேபிளைக் கழற்றுங்கள். எம்.2 என்றால் அதன் ஒற்றைத் திருகைக் கழற்றி வெளியே எடுத்து வையுங்கள். இந்தப் படியைப் பலர் தாண்டிவிடுகிறார்கள், தாண்டாதீர்கள். வட்டு கணினியில் இல்லையென்றால் அதைத் தவறியும் அழிக்க முடியாது. இன்னொரு காரணமும் உண்டு: சில நிறுவிகள் இரண்டாவது வட்டைத் தேர்ந்தெடுத்தாலும் பூட் கோப்புகளை மட்டும் முதல் வட்டில் கொண்டுபோய் வைத்துவிடும். பிறகு ஒரு வட்டைக் கழற்றினால் மற்றதும் எழாது.

பென்டிரைவிலிருந்து இயக்கியதும் உடனே நிறுவாமல் 'ட்ரை' என்பதில் நுழைந்து வைஃபை, ஒலி, பிரின்டர் வேலை செய்கிறதா பாருங்கள். இதுவரை வட்டில் எதுவும் எழுதப்படவில்லை. திருப்தியானால் நிறுவுங்கள். முடிந்ததும் அணைத்து, விண்டோஸ் வட்டை மீண்டும் செருகுங்கள். இயக்கும்போது பூட் பட்டியல் விசையை அழுத்தினால் இரண்டும் தெரியும். ஏசுஸ் போர்டில் எஃப்8, கிகாபைட்டில் எஃப்12, எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக் போர்டுகளில் எஃப்11.

முதல் தடவைக்கு உபுண்டு அல்லது மின்ட் போதும். பிள்ளைகள் 'காளி லினக்ஸ்' கேட்பார்கள். லினக்ஸ் பழக்கமில்லாதவர்களுக்கு அதைப் பரிந்துரைக்கவில்லை என்று அதை உருவாக்கியவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள், அதைக் காட்டுங்கள்.

ஒரே வட்டுதான் என்றால்

அப்போதும் செய்யலாம், கவனம் கூடுதலாக வேண்டும். இடத்தை விண்டோஸின் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' மூலம்தான் குறைக்க வேண்டும், லினக்ஸ் நிறுவியை விட்டு அல்ல. சில நேரம் 200 ஜிபி காலியாக இருந்தும் 20 ஜிபிதான் குறைக்க முடியும் என்று சொல்லும். நகர்த்த முடியாத விண்டோஸ் கோப்பு ஏதோ நடுவில் உட்கார்ந்திருக்கும். ஹைபர்னேஷனையும் பேஜ் ஃபைலையும் தற்காலிகமாக அணைத்து, மறுதொடக்கம் செய்து முயலுங்கள். கிடைத்த இடத்தைப் பெயரிடாமல், ஃபார்மட் செய்யாமல் காலியாக விடுங்கள். லினக்ஸ் நிறுவி கேட்கும்போது விண்டோஸோடு சேர்த்து நிறுவு என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'வட்டு முழுவதையும் அழி' என்ற தேர்வும் அதே திரையில்தான் இருக்கும்.

விண்டோஸ் உண்டாக்கிய 100 எம்பி அளவுள்ள ஈஎஃப்ஐ பகுதியை இரண்டும் பகிர்ந்துகொள்ளும். அதை ஃபார்மட் செய்தால் விண்டோஸ் எழாது. உபுண்டுவுக்கும் மின்டுக்கும் அந்த 100 எம்பி போதும். இரண்டையுமே புதிதாக நிறுவுவதானால் விண்டோஸ் முதலில், லினக்ஸ் பின்னால். மாற்றிச் செய்தால் விண்டோஸ் தன்னை முன்வரிசையில் வைத்துக்கொண்டு லினக்ஸைப் பட்டியலில் காட்டாது. சில லினக்ஸ்களில் 'கிரப்' பட்டியலில் விண்டோஸ் தெரியாமல் போவதும் உண்டு. 2021இல் வந்த கிரப் 2.06 முதல் பிற இயங்குதளங்களைத் தேடும் வசதி இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது. விண்டோஸ் அழிந்துவிட்டது என்று பயப்படாமல் அந்த வசதியை இயக்கிவிட்டால் திரும்ப வரும்.

'செக்யூர் பூட்'டை அணைக்கச் சொல்லும் பழைய குறிப்புகளைப் பின்பற்ற வேண்டாம். உபுண்டுவும் மின்டும் அது இயங்கும்போதே நிறுவப்படும். ஆனால் ஒன்று நடந்தது: 2024 ஆகஸ்ட் மாத விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பிறகு உலகெங்கும் பல டூயல் பூட் கணினிகளில் லினக்ஸ் 'செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்' என்று சொல்லி நின்றது. பழைய பூட் கோப்புகளைத் தடுக்கும் பட்டியல் மதர்போர்டிலேயே எழுதப்பட்டதால் தனி வட்டு வைத்திருந்தவர்களும் தப்பவில்லை. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸைப் புதுப்பித்து, மறுபடி இயக்கியவர்களுக்குச் சரியானது. எனவே இரண்டையும் அவ்வப்போது திறந்து புதுப்பிக்க வேண்டும், ஒன்றை ஆண்டுக்கணக்கில் தூங்கவிடக் கூடாது.

அன்றாடப் பயன்பாட்டில்

இரண்டிலிருந்தும் எடுக்க வேண்டிய கோப்புகளுக்குத் தனிப் பகுதி ஒன்றை என்டிஎஃப்எஸ் வடிவில் வையுங்கள். எக்ஸ்ஃபேட்டும் இரண்டிலும் திறக்கும், ஆனால் எழுதும்போது மின்சாரம் போனால் அது எளிதில் கெடும். நம் ஊரில் அதை நம்ப முடியாது.

தட்டச்சில் குறை இல்லை. 1999 சென்னை மாநாட்டை ஒட்டி அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை இரண்டிலும் உண்டு. விண்டோஸ் 10இல் 2019 மே மாதப் புதுப்பிப்பிலிருந்து உள்ளேயே இருக்கிறது. லினக்ஸில் 'ஐபஸ் எம்17என்' தொகுப்பைச் சேர்க்க வேண்டும். அரபி, உருது விசைப்பலகைகளும் இரண்டிலும் இருக்கின்றன. உருதுவை நஸ்தலீக் எழுத்தில் பார்க்க 'நோட்டோ நஸ்தலீக் உருது' எழுத்துரு இலவசம்.

கடிகாரம் பலரைக் குழப்பும். மதர்போர்டில் உள்ள கடிகாரத்தை விண்டோஸ் இந்திய நேரமாகவும், லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் எடுத்துக்கொள்கின்றன. லினக்ஸைப் பயன்படுத்திவிட்டு விண்டோஸுக்கு வந்தால் நேரம் சரியாக ஐந்தரை மணி பின்னால் போயிருக்கும். கணினியில் தொழுகை நேர மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு அஸர் நேரத்தில் அது காலை என்று காட்டும். போர்டு பேட்டரி போய்விட்டது என்று மாற்றுவதில் பயன் இல்லை. லினக்ஸில் 'டைம்டேட்சிடிஎல்' கட்டளை மூலம் 'லோக்கல் ஆர்டிசி' என்பதை ஒன்று என்று வைத்துவிட்டால் இரண்டும் ஒத்துப்போகும்.

லினக்ஸ் வேண்டாம் என்று பின்னாளில் தோன்றினால், அதன் பகுதியை எடுத்த எடுப்பில் அழிக்காதீர்கள். முதலில் பயாஸுக்குள் போய் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்பதை முதல் வரிசையில் வைத்து, விண்டோஸ் தானாக எழுகிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு அழியுங்கள். தனி வட்டில் வைத்திருந்தால் அந்த வேலையும் இல்லை. கழற்றி எடுத்து, பத்திரமாக ஒரு பெட்டியில் வைத்துவிடலாம்.