வெளியேறியோர் கட்டிய பள்ளிகள்

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் பணித்தனர். நம் இளைஞர்கள் பலரும் கேட்டிராத, ஆயினும் கேட்டறிய வேண்டிய ஒரு வரலாற்றை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றேன். அஃது அமெரிக்க நாட்டின் பாப்டிஸ்ட் திருச்சபையில், மனிதனை மனிதன் அடிமை கொள்ளலாமா என்னும் கேள்வியால் எழுந்த பிளவின் வரலாறு. கொள்கை வேறுபாட்டால் சபையை விட்டு வெளியேறியோரின் வரலாறு.

பிறந்து வளர்ந்த சபையை விட்டு நீங்குதல் எளிய செயலன்று. பெயரிட்ட இடம், மணம் முடித்த இடம், பெற்றோரை அடக்கம் செய்த இடம் என்னும் உறவுகள் அனைத்தும் அங்கே உள்ளன. அவற்றை உதறி வெளியேறுகின்ற எவரும், “கொள்கைக்காகவே வெளியேறினோம்” என்றுதான் கூறுவர். நல்லோரும் அவ்வாறே கூறினர். அல்லாதாரும் அவ்வாறே கூறினர். அவ்வாறாயின் இருவரையும் பிரித்தறிவது எவ்வாறு? வெளியேறியபின் அவர்கள் எதைக் கட்டினார்கள், கட்டியதன் வாயிலில் யாரை உள்ளே அழைத்தார்கள் என்று நோக்குவதே வழி. இதுவே இக்கட்டுரையின் கருத்து.

சபையின் இயல்பு

பாப்டிஸ்ட் சபை பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயரிடையே தோன்றியது. அறியாக் குழந்தைக்குத் திருமுழுக்கு அளித்தல் கூடாது, அறிந்து நம்பியவர்க்கே அளித்தல் வேண்டும் என்பது அதன் முதற்கொள்கை. ஒவ்வோர் ஊரின் சபையும் தன்னைத்தானே ஆண்டுகொள்ளும். மேலிருந்து ஆணையிடும் பேராயர் எவரும் இலர் என்பது மற்றொன்று. மனச்சான்றின் உரிமைக்கு இத்துணை இடமளித்த சபையில் பிரிவுகள் பல தோன்றியதில் வியப்பில்லை. அமெரிக்காவின் முதல் பாப்டிஸ்ட் சபையை 1638ஆம் ஆண்டளவில் பிராவிடன்ஸ் என்னும் ஊரில் நிறுவிய ராஜர் வில்லியம்ஸ் என்பாரே, சில திங்களுக்குள் கொள்கை வேறுபாடு காரணமாக அச்சபையை விட்டு நீங்கினார்.

பருத்தியும் வேதமும்

அமெரிக்கா விடுதலை பெற்ற காலத்தில் பாப்டிஸ்டுகள் பெரும்பாலும் எளிய மக்கள். வர்ஜீனியா மாநிலத்தில் அரசாங்கச் சபையின் அனுமதியின்றிப் பிரசங்கம் செய்ததற்காகச் சிறை சென்றவர்கள் அவர்கள். துன்பம் அறிந்த அவர்களுள் பலர் அடிமை முறையையும் வெறுத்தனர். ஜான் லேலண்டு என்னும் போதகர் முயற்சியால், 1790ஆம் ஆண்டை ஒட்டி வர்ஜீனியா பாப்டிஸ்டுகள் அடிமை முறையைக் கண்டித்துத் தீர்மானமே நிறைவேற்றினர்.

பின்னர் நிகழ்ந்தது யாது? 1793இல் எலி விட்னி என்பார் பருத்தியிலிருந்து கொட்டையை நீக்கும் பொறியைக் கண்டுபிடித்தார். பருத்திப் பயிர் பெருகியது. பறிப்பதற்கு ஆள் வேண்டியதாயிற்று. 1790இல் ஏறத்தாழ 7 லட்சமாக இருந்த அடிமைகளின் தொகை 1860இல் ஏறத்தாழ 40 லட்சமாயிற்று. சபையின் உறுப்பினர்களும் நிலமும் அடிமைகளும் உடையவராயினர். செல்வம் மாறியது, அதனைத் தொடர்ந்து கொள்கையும் மாறியது.

தென் கரோலினா மாநிலத்தின் புகழ்பெற்ற பாப்டிஸ்ட் போதகர் ரிச்சர்டு பர்மன் 1822இன் இறுதியில் ஆளுநருக்கு ஒரு நீண்ட விண்ணப்பம் எழுதினார். அடிமைகளை வைத்துக்கொள்ள வேதம் இசைவு தருகின்றது என்று அதில் வாதிட்டார். அதே ஆண்டில்தான் அம்மாநிலத்தின் சார்லஸ்டன் நகரில் டென்மார்க் வீசி என்னும் கறுப்பின மனிதரும் அவருடைய தோழர்களும், அடிமைகளைத் திரட்டிக் கிளர்ச்சி செய்யத் திட்டமிட்டதாகக் குற்றஞ் சாட்டப்பட்டுத் தூக்கிலிடப்பட்டிருந்தனர். அச்சம் ஒருபுறமும் ஆதாயம் ஒருபுறமும் நிற்க, நடுவிலே வேதம் சாட்சிக்கு அழைக்கப்பட்டது. நூலை வைத்திருப்பவன் தான் விரும்பும் பொருளையே நூலின் பொருள் என்று நாட்டுவது எந்நாட்டிற்கும் புதிதன்று.

இருவகை வெளியேற்றம்

இம்மாற்றத்தை ஏற்காதாரும் இருந்தனர். டேவிட் பாரோ என்னும் போதகர் 1784இலேயே தம் அடிமைகளுக்கு விடுதலை அளித்தவர். பிழைப்பு நாடி அவர் கென்டக்கி மாநிலத்திற்குக் குடிபெயர்ந்தார். அங்கும் அடிமை முறையைக் கண்டித்துப் பேசினார். 1806இல் அப்பகுதிச் சபைகளின் சங்கம் அவரை விலக்கியது. அவர் வாய் மூடவில்லை. ஒத்த கருத்துடைய சபைகளைத் திரட்டி 1807இல் புதிய சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தார். ‘மனிதகுலத்தின் நண்பர்கள்’ என்பது அவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயர். எண்ணிக்கையில் அவர்கள் சிலரே. ஆயினும் அவர்களுடைய குரல் வீணாகவில்லை. அடிமை முறையை எதிர்த்த அத்தகைய பாப்டிஸ்ட் சபை ஒன்றிற்கே, பிற்காலத்தில் அடிமைகளுக்கு விடுதலை அறிவித்த ஆபிரகாம் லிங்கனின் பெற்றோர் கென்டக்கியில் சென்று வந்தனர்.

வடமாநிலங்களில் 1843ஆம் ஆண்டு ‘அமெரிக்க பாப்டிஸ்ட் சுதந்திர மிஷன் சங்கம்’ தோன்றியது. அடிமைகளை விற்று வந்த பணத்தைக் காணிக்கையாகப் பெறுவதும் பாவமே என்று கூறி, அடிமை உடையாரோடு கலந்து நின்ற பழைய மிஷன் அமைப்பிலிருந்து அவர்கள் விலகினர். விலகியதோடு நின்றார்களா? இல்லை. 1849இல் நியூயார்க் மாநிலத்தின் மெக்கிராவில் என்னும் சிற்றூரில் ஒரு கல்லூரியைத் திறந்தனர். வெள்ளையரும் கறுப்பரும், ஆண்களும் பெண்களும் ஒரே வகுப்பில் அமர்ந்து பயின்றனர். சார்லஸ் ரீசன் என்னும் கறுப்பின அறிஞர் அங்கே பேராசிரியராக அமர்த்தப்பட்டார். வெள்ளை மாணவர் மிகுந்த கல்லூரியில் கறுப்பினத்தவர் ஒருவர் பேராசிரியரானது அமெரிக்காவில் அதுவே முதன்முறை. அக்கல்லூரி பத்தாண்டுகளே நிலைத்தது. ஆயினும் அது காட்டிய வழி நிலைத்தது.

மற்றொரு வெளியேற்றத்தையும் காண்போம். 1844ஆம் ஆண்டில் நாடு முழுவதற்குமான பாப்டிஸ்ட் மாநாடு, அடிமை முறை பற்றி எப்பக்கமும் சாராதிருப்பதென முடிவு செய்தது. அநீதிக்கு முன்னால் எப்பக்கமும் சாராதிருத்தல் எத்தனை நாள் இயலும்? அவ்வாண்டிலேயே ஜார்ஜியா மாநிலத்தார், அடிமைகளை உடைய ஜேம்ஸ் ரீவ் என்பாரை ஊழியராக அமர்த்துமாறு உள்நாட்டு மிஷன் சங்கத்தைக் கேட்டனர்; சங்கம் இசையவில்லை. அலபாமா மாநிலத்தார் அயல்நாட்டு மிஷன் குழுவிடம் தெளிவான விடை கோரினர். அடிமைகளை விடாது வைத்திருக்க விரும்பும் எவரையும் தாம் அமர்த்த இயலாது என்று பாஸ்டன் நகரிலிருந்து விடை வந்தது. தென்மாநிலத்தார் சினந்தெழுந்தனர். 1845 மே திங்களில் ஜார்ஜியாவின் அகஸ்டா நகரில் கூடித் ‘தென்னக பாப்டிஸ்ட் மாநாடு’ என்னும் தனி அமைப்பை நிறுவினர்.

இவர்களும் கொள்கையின் பெயராலேயே வெளியேறினர் என்பதை இளைஞர்கள் மறவாதிருக்க வேண்டும். மெக்கிராவில்லில் திறந்த கதவு எல்லார்க்கும் திறந்தது. அகஸ்டாவில் எழுந்த அமைப்போ, அடிமை உடையாரின் உரிமைக்கு அரணாக நின்றது. அவ்வமைப்பு 150 ஆண்டுகள் கழித்து, 1995இல் அட்லாண்டா நகரில் கூடியபொழுது, தன் தோற்றத்தில் அடிமை முறைக்கு இருந்த பங்கை ஒப்புக்கொண்டு, கறுப்பின மக்களிடம் மன்னிப்புக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. காலம் தாழ்ந்தேனும் உண்மை ஒப்புக்கொள்ளப்பட்டது.

நிலவறையில் பிறந்த கல்லூரிகள்

இதுகாறும் கூறியவை வெள்ளையரின் வெளியேற்றங்கள். எவரைப் பற்றி வாதம் நிகழ்ந்ததோ அவர்கள் எங்கே இருந்தனர்? அதே சபைகளில், பின்வரிசைகளிலும் மாடத்து இருக்கைகளிலும் அமர்த்தப்பட்டிருந்தனர். ஒரே ஆண்டவரை வழிபட்டனர். ஒரே வரிசையில் அமர இயலவில்லை. வேதத்தைக் கேட்கலாம், படிக்கலாகாது. அடிமைகளுக்கு எழுத்தறிவிப்போர் தண்டிக்கப்படுவர் என்று ஜார்ஜியா மாநிலம் 1829இல் சட்டம் இயற்றியிருந்தது.

1865இல் உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்தது. ஒழிந்த சில ஆண்டுகளுக்குள் கறுப்பின பாப்டிஸ்டுகள் கூட்டங் கூட்டமாகப் பழைய சபைகளை விட்டு வெளியேறினர். கையில் பொருளில்லை; கட்டடமில்லை. ஆயினும் தமக்கென்று சபைகளை எழுப்பினர். முன்னரே கறுப்பினத்தவர் நடத்திவந்த சபைகள் அவர்களுக்குத் துணையாயின.

அகஸ்டா நகரையே மீண்டும் நோக்குக. அடிமை உடையார் கூடிய அந்நகரில், 22 ஆண்டுகளுக்குப் பின், 1867இல், ஸ்பிரிங்பீல்டு பாப்டிஸ்ட் சபை என்னும் கறுப்பின மக்களின் ஆலயத்து நிலவறையில் ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. மரவேலை செய்து பிழைத்த போதகர் வில்லியம் ஜெபர்சன் வைட் அதனைத் தொடங்கியோருள் ஒருவர். எழுத்தறிவிப்பதே குற்றமாக இருந்த மாநிலத்தில், நேற்றுவரை அடிமைகளாக இருந்தோர் பலகை பிடித்து எழுதினர். அப்பள்ளி 1879இல் அட்லாண்டாவிற்கு இடம் பெயர்ந்தது. வளர்ந்து கல்லூரியாகி, 1913இல் மோர்ஹவுஸ் கல்லூரி என்னும் பெயர் பெற்றது.

அட்லாண்டாவின் பிரெண்டுஷிப் பாப்டிஸ்ட் சபையும் கறுப்பின மக்களுடையதே. 1881 ஏப்ரல் திங்களில் அதன் நிலவறையில், சோபியா பாக்கார்டு, ஹாரியெட் கைல்ஸ் என்னும் இரு வடநாட்டு ஆசிரியைகள் பெண்களுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினர். முதல்நாள் வந்தோர் 11 பேர். பெரும்பாலோர் அடிமைகளாய் இருந்து விடுதலை பெற்றவர்கள். அதுவே இன்று உலகறிந்த ஸ்பெல்மன் கல்லூரி. நம் சங்கத்தின் முதல் மாலைப் பள்ளியில் எத்தனை பேர் இருந்தனர் என்று நம் மூத்தோரைக் கேட்டறியும் இளைஞர்கள், அந்த 11 என்னும் எண்ணைச் சிறிதென்று எண்ணார்.

தாம் கட்டிய சபையும் தவறும்பொழுது வெளியேறுதல் வேண்டும் என்பதற்கும் இவ்வரலாற்றில் சான்றுண்டு. 1895இல் கறுப்பின பாப்டிஸ்டுகள் நிறுவிய தேசிய மாநாட்டின் தலைமை, பிற்காலத்தில் ஒருவரிடமே நீடித்தது. அத்தலைமை மார்ட்டின் லூதர் கிங் நடத்திய அறப்போராட்ட முறையையும் ஏற்கவில்லை. ஆகவே 1961இல் கிங்கும் அவரைச் சார்ந்தோரும் சின்சினாட்டி நகரில் உருவான முற்போக்குத் தேசிய பாப்டிஸ்ட் மாநாட்டில் சேர்ந்தனர். நம்மவர் என்பதனாலேயே பிழை நெறியாகிவிடாது.

ஒரு தலைமையாசிரியரின் சொல்

அகஸ்டாவின் நிலவறையில் பிறந்த அக்கல்லூரிக்கு 1940 முதல் 1967 வரை தலைவராக இருந்தவர் பெஞ்சமின் மேஸ். அவருடைய பெற்றோர் அடிமைகளாய்ப் பிறந்தவர்கள். 1937இல் மைசூரில் நடைபெற்ற கிறித்தவ வாலிபர் சங்க உலக மாநாட்டிற்காக அவர் இந்தியாவிற்கு வந்திருந்தார். அப்பொழுது தீண்டப்படாதார் எனப்பட்டோரின் பிள்ளைகள் பயின்ற பள்ளி ஒன்றின் தலைமையாசிரியர் அவரை உரையாற்ற அழைத்துச் சென்றார். அவரும் அமெரிக்காவில் ஒரு தீண்டப்படாதவரே, ஆயினும் கற்று உயர்ந்தவர் என்று பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்வித்தார். மேஸ் முதலில் திடுக்கிட்டார், மனம் வருந்தினார். பின்னர் எண்ணிப் பார்த்து, அத்தலைமையாசிரியர் கூறியது உண்மையே என்று உணர்ந்ததாகத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார்.

மேஸின் மாணவராக மோர்ஹவுஸ் கல்லூரியில் பயின்று 1948இல் பட்டம் பெற்றவரே மார்ட்டின் லூதர் கிங். 1959இல் இந்தியாவிற்கு வந்த அவரும், திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளியில் தம்மை அவ்வாறே அறிமுகம் செய்தனர் என்று 1965இல் தம் சபையில் ஆற்றிய பிரசங்கத்தில் எடுத்துரைத்தார். ஆம், தானும் ஒரு தீண்டப்படாதவனே என்று தமக்குள் சொல்லிக்கொண்டதாகவும் கூறினார். கடல் கடந்த இரு மக்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்டது அரண்மனையிலன்று, ஆலயத்திலுமன்று. பள்ளிக்கூடத்தில் என்பதை எண்ணும்பொழுது ஓர் ஆசிரியனாகிய என் உள்ளம் நெகிழ்கின்றது.

நமக்குரிய பாடம்

நம் நாட்டிலும் இவ்வுண்மைக்குச் சான்றுண்டு. இந்துவாக இறக்கமாட்டேன் என்று அண்ணல் அம்பேத்கர் இயோலாவில் அறிவித்தது 1935இல். நாகபுரியில் பௌத்தம் தழுவியது 1956இல். இடைப்பட்ட காலத்தில், 1945இல், மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். மறு ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். வெளியேறு முன்னரே, வெளியேறுவோர் தங்குதற்கு வீடு கட்டினார் எனலாம்.

இளைஞர்களே! இழிவு செய்யும் இடத்தை விட்டு எழுந்து செல்லும் துணிவு உங்களுக்கு வேண்டும். எழுந்து செல்வதோடு கடமை முடிந்தது என்று கருதாதீர்கள். சினம் ஒரு நாள் கதவைத் திறக்கும். கதவுக்கு அப்பால் கூரை வேயவும் கரும்பலகை மாட்டவும் நீண்ட நாள் உழைப்பு வேண்டும். நீங்கள் கட்டும் வீட்டிலும், உங்களினும் எளியவன் ஒருவன் வாயிலில் நிற்பானாயின், அவனை முன்வரிசையில் அமர்த்துங்கள். அவ்வாறு அமர்த்தாத வீடு, நாம் விட்டு வந்த வீட்டின் மறுபதிப்பே ஆகும்.

இருபத்தைந்து ஆண்டுகள் விளக்கேற்றி வைத்த நம் சங்கத்தின் பெரியோர்க்கு என் வணக்கம். அவ்விளக்கை ஏந்திச் செல்லவிருக்கும் இளைஞர்க்கு என் வாழ்த்து. வளர்க கல்விப் பணி!