எனியாக்

எனியாக் என்பது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ஐக்கிய அமெரிக்கத் தரைப்படையின் நிதியுதவியுடன் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மூர் மின்பொறியியல் பள்ளியில் உருவாக்கப்பட்ட பொதுப்பயன் மின்னணுக் கணினி ஆகும். பீரங்கிப் படைக்காகத் திட்டமிடப்பட்ட இக்கணினி, போர் முடிந்த பின்னரே இயங்கத் தொடங்கியது.

பின்னணி

தொலைவு, காற்று, வெப்பநிலை ஆகியவற்றுக்கேற்பப் பீரங்கிக் குழலை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பதை வீரர்கள் சுடு அட்டவணைகளைப் பார்த்தே அறிந்தனர். ஒவ்வொரு வகைப் பீரங்கிக்கும் குண்டுக்கும் தனி அட்டவணை தேவைப்பட்டது. ஓர் அட்டவணைக்கு ஆயிரக்கணக்கான எறிபாதைகளைக் கணிக்க வேண்டும். மேசைக் கணிப்பானைக் கொண்டு ஓர் எறிபாதையைக் கணிக்கத் தேர்ந்த ஒருவருக்கு ஏறத்தாழ 20 மணி நேரம் ஆனது. இப்பணியில் கணிதம் கற்ற பெண்கள் பலர் அமர்த்தப்பட்டனர். அவர்களின் பதவிப் பெயரே 'கம்ப்யூட்டர்' என்பதாகும். புதிய ஆயுதங்கள் வந்த வேகத்துக்கு அட்டவணைகள் ஈடுகொடுக்கவில்லை.

உருவாக்கம்

ஜான் மோக்லி 1942இல் முன்வைத்த மின்னணுக் கணிப்புத் திட்டத்துக்குத் தரைப்படை 1943 சூனில் ஒப்பந்தம் அளித்தது. தலைமைப் பொறியாளர் பிரெஸ்பர் எக்கர்ட்டுக்கு அப்போது வயது 24. ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் கொண்ட எந்திரம் பழுதின்றி ஓடாது என்றே பலரும் கருதினர். எக்கர்ட் குழாய்களை அவற்றுக்குரிய மின்னழுத்த அளவுக்குக் கீழேயே இயக்கி, அவற்றின் ஆயுளை நீட்டித்தார். 60 வினாடி பறக்கும் குண்டின் பாதையை எனியாக் 30 வினாடிகளில் கணித்தது. அதாவது குண்டு தரையைத் தொடும் முன்பே விடை கிடைத்துவிடும். செலவு ஏறத்தாழ 4,87,000 டாலர். அமைதிக் காலத்தில் ஒரு பல்கலைக்கழகம் இத்தொகையைத் திரட்டியிருக்கும் என எண்ணுவது கடினம்.

பயன்பாடு

1945 திசம்பரில் இதற்கு இடப்பட்ட முதற்பெரும் பணி சுடு அட்டவணை அன்று, ஐதரசன் குண்டு பற்றிய கணக்கீடு. இதனை லாஸ் அலமோசு ஆய்வகத்துக்குப் பரிந்துரைத்தவர் ஜான் வான் நியூமன். அவரும் உடனாய்வாளர்களும் 1950இல் இதே எந்திரத்தில் வானிலையை முன்கணித்தனர். 24 மணி நேர முன்கணிப்புக்கு ஏறத்தாழ 24 மணி நேரமே பிடித்தது. எனியாக் 1955 அக்டோபர் 2 அன்று நிறுத்தப்பட்டது.

நிரலர்கள்

வடங்களை இணைத்தும் நிலைமாற்றிகளைத் திருப்பியுமே நிரல் அமைக்கப்பட்டது. கே மெக்நல்டி, பெட்டி ஜென்னிங்சு, பெட்டி சினைடர், மார்லின் வெசுகாஃப், பிரான் பிலாசு, ரூத் லிக்டர்மன் ஆகிய அறுவரும் கையேடு ஏதுமின்றி, சுற்று வரைபடங்களைப் படித்தே இதனைக் கற்றனர். 1946 பெப்ரவரியில் நிகழ்ந்த அறிமுக விழாவில் காட்டப்பட்ட எறிபாதை நிரலை ஜென்னிங்சும் சினைடரும் அமைத்தனர். அன்றிரவு நடந்த விருந்துக்கு அவர்கள் அழைக்கப்படவில்லை.