300-க்கு வாங்கி 450-ல் ஓட்டிய கதை

1/ இன்னைக்கு மருந்து மாத்திரை கிடையாது. கம்ப்யூட்டர் ப்ராசஸர் பத்தி ஒரு குட்டி வரலாறு. வேகம், சூடு ரெண்டும் வர்றதால நம்ம டிபார்ட்மென்ட்டும் நடுவுல எட்டிப் பார்க்கும்.

2/ 1998 ஏப்ரல். மலிவு விலை கம்ப்யூட்டர்களுக்காக இன்டெல் 'செலரான்' ப்ராசஸரை இறக்குகிறது. விலையைக் குறைக்க எல்2 கேஷ் நினைவகத்தையே எடுத்துட்டாங்க. மந்தமா இருக்குன்னு எல்லாரும் திட்டினாங்க.

3/ அதே வருஷம் ஆகஸ்ட்டில் திருத்தி வெளியிட்டதுதான் செலரான் 300ஏ. 128 கேபி கேஷ், சிப்புக்குள்ளேயே. வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். அதே மாதம் வந்த பென்டியம் 2-வின் வேகம் 450. செலரானோட விலை அதில் கால்வாசிகூட இல்லை.

4/ இப்போ கணக்கு. ப்ராசஸர் வேகம் = போர்டு தரும் துடிப்பு x பெருக்கு எண். 300ஏ-வுக்குப் பெருக்கு எண் 4.5. அதை மாத்த முடியாதபடி இன்டெல் பூட்டிட்டாங்க. 66 x 4.5 = கிட்டத்தட்ட 300. ஆனா போர்டுல 66-ஐ 100 ஆக்கினா? 450!

5/ இதுக்கு சிலர் செஞ்ச வேலையைக் கேளுங்க. ப்ராசஸர் அட்டையில் பி21-ங்கிற ஒரே ஒரு தொடுமுனையை டேப் ஒட்டி மறைச்சாங்க. போர்டு ஏமாந்து 100 கொடுத்துடும். அபிட் பிஎச்6 மாதிரி போர்டு இருந்தா அதுவும் வேண்டாம், செட்டிங்ஸ்லயே மாத்திக்கலாம்.

6/ இது எப்படி சாத்தியம்? பென்டியம் 2-வில் கேஷ் தனிச் சிப்களில் வெளியே இருந்தது. வேகத்தைக் கூட்டினா அதுங்க முரண்டு பிடிக்கும். செலரானில் அந்தத் தொல்லை இல்லை. தவிர, பெட்டியில் போட்ட எண் கம்பெனி தரும் உத்தரவாதம். அதுவே உச்சவரம்புன்னு அர்த்தமில்லை.

7/ ஆனா இலவசமா எதுவும் கிடைக்காது. சூடு கூடும். வேகத்தோடு நேர் விகிதத்தில், வோல்டேஜோடு இருமடி விகிதத்தில். 2.0 வோல்ட்டை 2.2 ஆக்கி 450-ல் ஓட்டினா, 1.5 x 1.21. கிட்டத்தட்ட 80 சதவீதம் கூடுதல் வெப்பம்.

8/ இதை வெளியேத்த இருந்தது உலோகத் தகடுகளும் ஒரு ஃபேனும்தான். நம்ம உடம்பு 40 டிகிரி வெயில்லயும் வியர்த்து 37-ல நிக்கும். ப்ராசஸருக்கு வியர்வை கிடையாது. ஃபேன் எவ்வளவு வேகமா சுத்தினாலும் அறை வெப்பநிலைக்குக் கீழே அதைக் கொண்டுபோக முடியாது. அதனால கோடைக்காலத்தில் முதல்ல மூச்சு வாங்குறது இந்த மாதிரி மெஷின்தான்.

9/ 2001-ல் டாம்ஸ் ஹார்டுவேர் தளம் ஒரு வீடியோ போட்டது. ஓடிக்கிட்டிருக்கும்போதே ஹீட்சிங்க்கைக் கழட்டினாங்க. ஏஎம்டி அத்லான் சில நொடிகளில் கருகிடுச்சு. பென்டியம் 4 தானே வேகத்தைக் குறைச்சு உயிர் பிழைச்சது. காய்ச்சல் வந்தா உடம்பு நம்மளைப் படுக்கப் போடுதே, அதே புத்தி.

10/ அந்தப் பென்டியம் 4-ஐயும் சூடு விடலை. 2004 அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் திட்டத்தையே இன்டெல் கைவிட்டது; 3.8 கிகாஹெர்ட்ஸோடு அது நின்னுபோச்சு. அதுக்கப்புறம் வேகத்தைத் துரத்துறதை விட்டுட்டு, ஒரே சிப்பில் பல கோர்களை வைக்க ஆரம்பிச்சாங்க.

11/ 2008-ல் வந்த கோர் ஐ7, சூட்டுக்கும் மின்சாரத்துக்கும் இடமிருந்தா தானே வேகத்தைக் கூட்டிக்கும். பேரு டர்போ பூஸ்ட். பத்து வருஷத்துக்கு முன்னாடி டேப் ஒட்டிச் செஞ்ச வேலை, கம்பெனி வசதியாவே வந்துடுச்சு.

12/ கடைசியா டாக்டரா ஒண்ணு சொல்லணும். ஓவர்கிளாக்கில் மெஷின் நின்னுபோறதுகூடப் பெரிய ஆபத்து இல்லை. நிக்காம ஓடிக்கிட்டே தப்பா கணக்குப் போடுறதுதான் ஆபத்து. அறிகுறியே காட்டாத பிபி மாதிரி. அதனாலதான் விவரம் தெரிஞ்சவங்க பிரைம்95 மென்பொருளை மணிக்கணக்கில் ஓட்டிப் பார்ப்பாங்க. ப்ராசஸருக்கான டிரெட்மில் டெஸ்ட் அது.

13/ கேம் ஆடுற மெஷின்ல தாராளமா விளையாடுங்க. கடைக்கணக்கு, நோயாளி விவரம், பிள்ளையோட ப்ராஜெக்ட் இருக்குற மெஷின்ல மட்டும் வேண்டாம். கொஞ்ச நாளா மெஷின் திணறுதுன்னா முதல்ல ஃபேன்ல இருக்குற தூசியைத் தட்டுங்க. பாதி வைத்தியம் அதுதான்.