கண்ணில் பூவும் புரையும் - ஒரே ஆபரேஷன்

கண்புரை வேறு, கண்ணில் பூ விழுவது வேறு. புரை என்றால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மங்கிப்போவது. பூ என்பது முன்னால் இருக்கும் கருவிழியில் விழும் வெள்ளைத் தழும்பு. நாமகிரிப்பேட்டை மாதிரி விவசாய ஊர்களில் வைக்கோல் தாளோ முள்ளோ கீறினால்கூட புண்ணாகி, ஆறிய பிறகு இந்தப் பூ நின்றுவிடும். வயதானால் அதே கண்ணில் புரையும் சேர்ந்துகொள்ளும். அப்போது எதை முதலில் சரி செய்வது?

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறே இருக்கிறது.

1905ல், இன்றைய செக் குடியரசில் உள்ள ஓலமோட்ஸ் நகரில், எட்வர்ட் சிர்ம் முதன்முதலில் வெற்றிகரமாகக் கருவிழியை மாற்றினார். இந்தியாவில் அந்தப் பெருமை நம்ம சென்னைக்குத்தான். எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் டாக்டர் ஆர்.இ.எஸ். முத்தையா 1945ல் நாட்டின் முதல் கண் வங்கியைத் தொடங்கி, 1948ல் முதல் கருவிழி மாற்று ஆபரேஷனையும் செய்தார். அடுத்த ஆண்டே லண்டனில் ஹரால்டு ரிட்லி செயற்கை லென்ஸைக் கண்ணுக்குள் வைத்தார்.

ஆனாலும் இரண்டையும் தனித்தனியாகச் செய்வதே வழக்கமாக இருந்தது. அதில் ஒரு சிக்கல். கருவிழியின் உட்புறச் செல்கள் அழிந்தால் மறுபடி வளராது. புதுக் கருவிழி வைத்த பிறகு புரையை எடுத்தால், அந்தச் செல்கள் பாதிக்கப்படலாம். நோயாளிக்கும் இரண்டு முறை ஆஸ்பத்திரி வாசம், இரண்டு முறை கூலி இழப்பு.

1966ல் காட்ஸின், மெல்ட்ஸர் என்ற இரு மருத்துவர்கள் இரண்டையும் சேர்த்துச் செய்வது பற்றி எழுதினார்கள். 1976ல் டெய்லர் செயற்கை லென்ஸையும் அதோடு சேர்த்தார். பழைய கருவிழியை வட்டமாக வெட்டி எடுத்து, அந்தத் திறப்பு வழியாகவே புரையை நீக்கி, லென்ஸை வைத்து, தானமாக வந்த கருவிழியைத் தைப்பார்கள். மூன்று வேலை என்பதால் இதற்கு 'டிரிபிள் புரொசீஜர்' என்று பெயர்.

இதிலும் குறை உண்டு. கண் திறந்திருக்கும் அந்தச் சில நிமிடங்கள் ஆபத்தானவை. புதுக் கருவிழியின் வளைவு எப்படி அமையும் என்று முன்கூட்டியே தெரியாததால், லென்ஸின் பவரை ஓரளவு மதிப்பிட்டுத்தான் வைக்க முடியும்.

1992ல் மதுரையில் ஆரோலேப் தொடங்கியபின் செயற்கை லென்ஸ் இங்கேயே மலிவாகக் கிடைத்தது. ஆனால் கருவிழி இன்னும் பெரும்பாலும் இறந்தவர் கண்ணிலிருந்துதான் வரவேண்டும், அதுவும் ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். கண்ணாடி போட்டவர்கள், புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள்கூட தானம் தரலாம். டாக்டரும் லென்ஸும் தயார். வீட்டில் ஒரு சாவு நேரும்போது, கண் வங்கிக்கு ஒரு போன் போட யாருக்காவது ஞாபகம் வரவேண்டும். அவ்வளவுதான்.